அக்கரையினின்று பாடிய ஆளுடைய பிள்ளையார்

திருகோணமலைத் துறைமுகத்தின் அருகே கடலுள் நீண்டு நிற்கும் கோணேசர் மலையில் மாலைப்பொழுதில் நிற்பார்க்குத் திருஞானசம்பந்தர் நினைவு வாராதிராது.

ஏழாம் நூற்றாண்டில், சோழநாட்டுச் சீகாழியில், சிவபாத இருதயருக்கும் பகவதியாருக்கும் மகனாகத் தோன்றியவர் அவர். ஊழி வெள்ளத்தில் தோணியென மிதந்த ஊர் அது என்பது பழங்கதை; ஆதலின் தோணிபுரம் என்றும் பெயர் பெற்றது. மூன்றாம் ஆண்டில் ஞானப்பால் உண்டு பாடத் தொடங்கினார். பின்னர் அப்பரடிகளோடு தலங்கள் பலவற்றை வணங்கினார். மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று மதுரை சென்று, சமணஞ் சார்ந்திருந்த பாண்டியனைச் சைவத்துக்கு மீட்டார்.

அதன்பின் இராமேச்சுரம் அடைந்தார். கடல் கடந்து ஈழத்துக்கு அவர் வந்தாரல்லர். அக்கரையில் நின்றே திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடினார் என்பது சேக்கிழார் தரும் வரலாறு. கண்ணாற் காணாத நம் கடலை அவர் பாடிய திறம் வியத்தற்குரியது. சந்தனமும் அகிலும் மணியும் வாரி வந்து, முத்தைக் கரையிற் கொழிக்கும் அலைகளை அப்பதிகத்திற் காண்கிறோம். கடலே ஈண்டுக் காணிக்கை செலுத்தும் அடியாராகிறது.

பதினாறாம் ஆண்டில் நல்லூர்ப் பெருமணத்தில் மணக்கோலத்தோடு சோதியிற் கலந்தார்.

1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். மலைமேற் கோயில் இல்லாத காலத்தும் மக்கள் அக்கடலிலேயே மலரிட்டு வழிபட்டனர். 1956இல் பழங்கோயிலின் தூண்கள் கடலடியிற் காணப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. கல்லாற் கட்டியது வீழ்ந்த காலத்தும், பிள்ளையார் சொல்லாற் கட்டியது வீழவில்லை.

இப்பதிகத்தை மாணவர்க்குக் கற்பிக்கும் நாளில், ஏட்டைச் சற்றே மூடிவிட்டு வெளியே எழும் அலையோசைக்குச் செவிசாய்க்குமாறு கூறுவது என் வழக்கம்.