கிளட்ச் மிதிச்சும் கியர் விழலையா? 1623-ல் பிறந்த பாஸ்கல் காட்டும் வழி!

சிக்னலில் பச்சை விழுந்தாச்சு. பின்னாடி ஹாரன் சத்தம். கிளட்ச் பெடல் பஞ்சு மாதிரி தரை வரைக்கும் போகுது, ஆனா முதல் கியர் விழ மாட்டேங்குது. உடனே கிளட்ச் பிளேட் போச்சுன்னு முடிவு கட்டி, பெரிய செலவுக்கு மனசைத் தேத்திக்கிறோம்.

கொஞ்சம் பொறுங்க. உங்கள் காரில் இருப்பது ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், பிரச்சினை குழாய்க்குள் புகுந்த கொஞ்சம் காற்றாகக்கூட இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் வழியை, கார் என்பதே இல்லாத காலத்தில் வாழ்ந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கற்கலாம். அவர் பிளேஸ் பாஸ்கல்.

யார் இந்த பாஸ்கல்?

1623 ஜூன் 19 அன்று பிரான்ஸின் கிளர்மான்ட்டில் பிறந்தார். இன்றைக்கு மிச்செலின் டயர் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் கிளர்மான்ட்-ஃபெரான் நகரம்தான் அது. மூன்று வயதில் அம்மாவை இழந்தார். வரித்துறை அதிகாரியான அப்பா எத்தியன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் தானே பாடம் சொல்லிக்கொடுத்தார். முதலில் மொழிகள், கணக்கெல்லாம் அப்புறம் என்று கணிதப் புத்தகங்களைக் கண்ணில் காட்டவில்லை. பையன் விடுவானா? 12 வயதில் தரையில் கரியால் கோடு போட்டு, வடிவியலைத் தானாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டான் என்று அவருடைய அக்கா எழுதி வைத்திருக்கிறார்.

ரூவான் நகரில் வரிக் கணக்குகளோடு அப்பா மல்லுக்கட்டுவதைப் பார்த்த பாஸ்கல், 19 வயதில் பற்சக்கரங்களால் இயங்கும் கணக்கிடும் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கினார். அது சரியாக வருவதற்குள் சுமார் 50 மாதிரிகளைச் செய்து பார்த்தார்.

மலை ஏறிய பாதரசம்

பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பாதரசத் தொட்டியில் கவிழ்த்தால், அது முழுதாக இறங்காமல் ஒரு உயரத்தில் நின்றுவிடும். இத்தாலியின் டாரிசெல்லி முன்வைத்த சோதனை இது. பாதரசத்தைத் தாங்கிப் பிடிப்பது வெளிக்காற்றின் எடைதானா? அப்படியென்றால் மலை உச்சியில் பாதரசம் இன்னும் கீழே இறங்க வேண்டுமே என்று பாஸ்கல் யோசித்தார்.

அவர் அப்போது பாரிஸில் இருந்தார், உடம்பும் சரியில்லை. அதனால் ஊரில் இருந்த அக்கா கணவர் பெரியேவிடம் வேலையை ஒப்படைத்தார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே ஒரு குழாயை அடிவாரத்தில் வைத்து, நாள் முழுக்கக் கண்காணிக்க ஒருவரை நிறுத்தினார். இன்னொன்றை புய்-த-டோம் மலை உச்சிக்குக் கொண்டுபோனார். உச்சியில் பாதரசம் சுமார் 8 செ.மீ. இறங்கியது. கீழே இருந்தது அப்படியே நின்றது.

எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. நல்ல மெக்கானிக் செய்வதும் இதைத்தான்.

ஒரு ஆள், நூறு ஆள் பலம்

அடுத்து பாஸ்கலின் கவனம் திரவங்கள் பக்கம் திரும்பியது. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும். ஒரு பிஸ்டனைவிட இன்னொன்று 100 மடங்கு பரப்பு கொண்டதாக இருந்தால், சின்னதை அழுத்தும் ஒரே ஆள், பெரியதை அழுத்தும் 100 பேருக்கு ஈடுகொடுக்கலாம்.

ஹைட்ராலிக் கிளட்ச்சும் இதே கணக்குதான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியாக ஸ்லேவ் சிலிண்டருக்குப் போய் கிளட்ச்சை விடுவிக்கிறது. ஆனால் உள்ளே திரவம் மட்டுமே இருக்க வேண்டும். காற்று அமுங்கும். அது புகுந்துவிட்டால், நீங்கள் மிதிப்பதெல்லாம் அதை அமுக்குவதிலேயே வீணாகிவிடும்.

பாஸ்கல் பாணியில் சோதனை

ஹேண்ட் பிரேக் போட்டு, முன்னால் காலி இடம் இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

• இன்ஜின் ஆஃபில் கியர் சுலபமாக விழுது, ஆன் செய்தால் மட்டும் விழலையா? கிளட்ச் முழுசா விடுபடவில்லை. இரண்டு நிலையிலும் விழலைன்னா, கியர் லிங்கேஜையும் பாருங்கள்.

• நாலைந்து முறை தொடர்ந்து மிதித்ததும் பெடல் இறுகுதா? உள்ளே காற்று இருக்கலாம்.

• மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்குது, வெளியே கசிவும் இல்லையா? மாஸ்டர் சிலிண்டர் சீல் மீது சந்தேகப்படலாம்.

• பெடலுக்கு மேலேயோ, ஸ்லேவ் சிலிண்டர் ரப்பர் பகுதியிலோ ஈரம் இருக்கா? அங்கேதான் கசிவு.

• ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா இன்ஜின் சத்தம் ஏறுது, வேகம் ஏறலையா? பெரும்பாலும் இதுதான் பிளேட் தேய்மானம்.

ஏர் எடுப்பது எப்படி?

ஸ்லேவ் சிலிண்டர் வெளியே தெரியும் கார்களில் இதை வீட்டிலேயே செய்யலாம். துணைக்கு ஒரு ஆள் வேண்டும்.

1. மூடியில் போட்டிருக்கும் அதே டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலைப் புதிதாக வாங்கி, டேங்கை நிரப்புங்கள்.

2. ஸ்லேவ் சிலிண்டரின் ப்ளீடர் நிப்பிளில் கண்ணாடி டியூபைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள்.

3. துணை ஆள் பெடலை மிதித்துப் பிடிக்கட்டும். நிப்பிளைத் திறந்து, குமிழி வெளியேறியதும் மூடுங்கள். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். இல்லைன்னா காற்று திரும்ப உள்ளே போயிடும்.

4. குமிழி நிற்கும் வரை இதையே செய்யுங்கள். நடுநடுவே டேங்கில் ஆயிலை நிரப்பிக்கொண்டே இருங்கள்.

ஆயில் பெயின்ட்டை அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டேங்க்தான். அதில் ஆயில் குறைந்துகொண்டே போனால் வண்டியை எடுக்காதீர்கள், பிரேக்கும் சேர்ந்து போய்விடலாம். ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸ் கூண்டுக்குள் இருந்து கசிந்தால், அது ஒர்க்‌ஷாப் வேலை.

அச்சில் பார்க்காத புத்தகம்

1654 நவம்பர் 23 இரவு ஏற்பட்ட ஆழ்ந்த சமய அனுபவத்துக்குப் பிறகு, பாஸ்கலின் வாழ்க்கை இறைநம்பிக்கையை நோக்கித் திரும்பியது. ஆனாலும் பொறியாளர் மனசு போகவில்லை. 1662 மார்ச்சில், குறிப்பிட்ட வழித்தடத்தில் ஓடும் பொதுக் குதிரை வண்டிச் சேவை பாரிஸில் தொடங்கியதன் பின்னணியில் அவர் இருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று, 39 வயதில் இறந்துபோனார்.

திரவங்கள் பற்றி அவர் எழுதியது அடுத்த ஆண்டுதான் புத்தகமாக வந்தது. அந்த விதியை வைத்து இங்கிலாந்தின் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை பெற்றது 1795-ல். இன்று அழுத்தத்தின் அலகே பாஸ்கல்தான். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் டயர் பிரஷர் ஸ்டிக்கரில் கேபிஏ என்று இருந்தால், அது கிலோபாஸ்கல். 32 பிஎஸ்ஐ என்பது சுமார் 220 கேபிஏ. அடுத்த முறை காற்று பிடிக்கப் போகும்போது பாருங்க.