மணியை ஆட்டிய மின்சாரம்

உலர்ந்த தலைமுடியில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துண்டுகளைத் துள்ள வைத்து விளையாடாத மாணவி நம்மிடையே இருக்க மாட்டாள். அந்தத் துள்ளலைக் கொண்டே மணியை அடிக்கவும் சக்கரத்தைச் சுழற்றவும் முடியும் என்று செய்து காட்டியவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. அவர் பெயர் ஆண்ட்ரூ கார்டன். நம்மில் பலர் கேள்விப்பட்டிராத பெயர்தான்.

1712-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் அவர் பிறந்தார். அக்காலத்தில் அந்நாட்டுக் கத்தோலிக்கர்மீது கடுமையான சட்டங்கள் இருந்தன. பெற்றோர் பலர் தம் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிப் படிக்க வைத்தனர். கார்டனும் சிறு வயதிலேயே ஜெர்மனியில் ரீகன்ஸ்பர்க் நகரிலிருந்த ஸ்காட்லாந்துத் துறவியரின் மடத்திற்கு வந்து சேர்ந்தார். 1732-இல் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியானார். 1737-இல் எர்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்கைத் தத்துவப் பேராசிரியர் பதவி கிடைத்தது. இயற்பியலுக்கு அன்று அதுதான் பெயர்.

அந்நாளில் மின்சாரம் உண்டாக்க வேண்டுமானால் கண்ணாடி உருண்டையைச் சுழற்றி அதன்மேல் கையை வைத்துத் தேய்க்க வேண்டும். கார்டன் உருண்டையை விட்டுவிட்டு, எட்டு அங்குல நீளமும் நான்கு அங்குலக் குறுக்களவும் உள்ள கண்ணாடி உருளையை எடுத்துக்கொண்டார். தச்சர் துளையிடும் கருவியைப் போல, வில்லின் கயிற்றால் அதைச் சுழற்றினார். கையில் தூக்கிச் செல்லக்கூடிய அளவிலேயே பொறி அமைந்துவிட்டது. மின்சாரம் தரைக்கு ஓடிவிடாதபடி பொருள்களைப் பட்டு நூல் வலைமேல் வைத்தார். பூனையைத் தேய்த்து எழுப்பிய மின்சாரத்தை இரும்புச் சங்கிலி வழியே கொண்டுபோய்ச் சாராயத்தில் தீப்பற்ற வைத்தார் என்றும் சொல்வார்கள். பூனை என்ன நினைத்ததோ!

மின்மணியின் அமைப்பு மிக எளிது. இரண்டு மணிகள் அருகருகே தொங்கும். ஒன்று பொறியோடு இணைந்திருக்கும், மற்றொன்று தரையோடு. நடுவில் பட்டு நூலில் ஒரு சிறு உலோகக் குண்டு. மின்னேற்றம் பெற்ற மணி குண்டைத் தன்பக்கம் இழுக்கும். குண்டு மணியைத் தொட்டவுடன் அதே மின்னேற்றத்தைப் பெறுவதால் விலக்கித் தள்ளப்படும். போய் அடுத்த மணியில் மோதும். தன் மின்னேற்றத்தை அங்கே இறக்கிவிட்டு மறுபடியும் இழுக்கப்படும். உருளை சுழலும்வரை மணியோசை நிற்காது. நூல் பட்டாக இல்லாமல் ஈரப் பருத்தியாக இருந்தால் ஒன்றும் நடக்காது. மழைக்காலத்தில் நாம் செய்து பார்த்தாலும் அப்படித்தான் ஏமாந்து போவோம்.

மற்றொன்று மின்சக்கரம். ஊசி முனைமேல் நிற்கும் உலோக நட்சத்திரம் அது. அதன் கூர்முனைகள் எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். மின்னேற்றம் முனைகள் வழியே கசிந்து அருகிலுள்ள காற்றுக்கும் ஏறும். காற்றும் முனையும் ஒன்றையொன்று தள்ள, சக்கரம் பின்னோக்கிச் சுழலும். பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான்தான். ஆனால் மின்விசையால் ஒரு பொருளை ஓயாமல் இயக்கிய முதல் கருவிகளில் இவ்விரண்டும் அடங்கும். 1745-இல் வெளியான நூலில் அவர் இவற்றை விளக்கினார். மின் அதிர்ச்சியால் சிறு பறவைகளைக் கொன்றும் அவர் சோதித்தார் என்பதை மட்டும் படிக்க மனம் வருந்துகிறது.

அவருக்கு எதிர்ப்பு அவர் வகுப்பறையிலிருந்தே புறப்பட்டது. முன்னோர் நூல்களை வைத்து வாதாடியே இயற்கையை அறியலாம் என்ற பழைய முறையை அவர் வெளிப்படையாக மறுத்தார். சோதனை செய்துதான் பார்க்க வேண்டும் என்றார். உடனிருந்த பேராசிரியர்கள் சினந்தனர். இயேசு சபைக் குருக்களும் அவரை எதிர்த்து எழுதினர். துறவியே இப்படிப் பேசலாமா என்பது அவர்கள் வருத்தம். கார்டன் துறவற உடையையும் கழற்றவில்லை, கண்ணாடி உருளையையும் கைவிடவில்லை. பாரீஸ் அறிவியல் கழகம் அவரைத் தன் தொடர்பு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

1751 ஆகஸ்டு 22-இல் எர்ஃபர்ட்டில் அவர் இறந்தார். வயது 39. மறு ஆண்டு அமெரிக்காவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் வீட்டு இடிதாங்கியோடு இதே மணிகளை இணைத்தார். மின்னேற்றம் கொண்ட மேகம் மேலே வந்தால் அவை தாமே ஒலித்தன. அதனால் அவற்றுக்கு ஃபிராங்க்ளின் மணிகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1840-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற்கு வந்த ஒரு மின்மணியும் இதே முறையில்தான் இயங்குகிறது. உலர் மின்கல அடுக்கின் விசையால், இரு மணிகளுக்கு நடுவே அதன் சிறு குண்டு பல கோடி முறை போய் வந்துவிட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பதால் ஓசை மட்டும் வெளியே கேட்பதில்லை.