பரிசுக்குக் காத்திருந்த பேராசிரியர்

இன்று மேடையில் தன் பெயர் வரவில்லையே என்று முகம் வாடி உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். 1926இல் செய்த வேலைக்கு 1954இல் பரிசு வாங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

மாக்ஸ் போர்ன் 1882 டிசம்பர் 11ஆம் நாள் பிரஸ்லாவ் நகரில் பிறந்தார். அன்று அது ஜெர்மனி, இன்று போலந்து. நான்கு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். பதினேழில் தந்தையும் போய்விட்டார். 1921இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1926இல் அவரிடம் படிக்க வந்தார் ராபர்ட் ஓப்பன்ஹைமர் என்ற அமெரிக்க இளைஞர். மகா கெட்டிக்காரர், ஆனால் வகுப்பில் யாரையும் பேசவிட மாட்டார். மற்ற மாணவர்கள் கையெழுத்துப் போட்டுப் புகார்க் கடிதம் கொடுத்தார்கள். நேரில் கண்டிக்கக் கூச்சப்பட்ட போர்ன், கடிதத்தை மேசைமேல் அவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அவ்வளவுதான், தொல்லை தீர்ந்தது! ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இது மிகவும் பிடித்த பாடம்.

1927இல் இருவரும் சேர்ந்து மூலக்கூறுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். தோட்டத்து லயத்துப் பக்கம் மாடு மேய்வதைப் பார்த்திருப்பீர்களே! மாடு ஓர் அடி வைப்பதற்குள், மேலே மொய்க்கும் ஈக்கள் பல சுற்றுச் சுற்றி மாட்டுக்குத் தக்கபடி அமைந்துவிடும். அணுக்கருதான் மாடு, எலக்ட்ரான்கள் ஈக்கள். மிக லேசான கருவான ஹைட்ரஜன் கருவே எலக்ட்ரானைப் போல் 1836 மடங்கு கனம். ஆகவே கருக்களை நிறுத்திவைத்து எலக்ட்ரான் கணக்கை முதலில் போடு, பிறகு கருக்களை நகர்த்து என்பதே அவர்கள் முறை. வேதியியல் கணக்குகளில் பெரும்பகுதி இன்றும் இதன்மேல்தான் நிற்கிறது.

ஆனால் இந்த முறை பொய்க்கும் இடமும் உண்டு. எலக்ட்ரான்களின் ஒவ்வொரு நிலைக்கும் மேடுபள்ளமான ஒரு நிலம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு அந்த நிலத்தில் உருண்டு போகிறது. சில இடங்களில் மேல் நிலமும் கீழ் நிலமும் ஒரு முனையில் தொட்டுக்கொள்ளும். உடுக்கையை நிமிர்த்தி வைத்துப் பாருங்க. இடுப்பு ஊசிமுனையாக இருந்தால் எப்படியோ அப்படி, இரண்டு கூம்புகள் முனையோடு முனை. ஒளியை விழுங்கி மேலே ஏறிய மூலக்கூறு, இந்த இடுப்பு வழியாகச் சட்டென்று கீழே இறங்கிவிடலாம் என்று 1937இல் எட்வர்ட் டெல்லர் எழுதினார். நீங்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கும்போதே அது நடக்கிறது. உங்கள் விழித்திரையில் ஒளி பட்டதும் ரெட்டினால் என்ற மூலக்கூறு இந்த வழியில்தான் தன் வடிவத்தை மாற்றுகிறது. அதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியை ஐந்து லட்சம் கோடியாகப் பிரித்தால் ஏறத்தாழ ஒரு பங்குதான்!

1933இல் ஹிட்லர் ஆட்சி வந்தது. போர்ன் யூதர். தமது வேலை போன சேதியைச் செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்க் கேம்பிரிட்ஜில் தங்கினார். 1935இல் திருச்சியில் பிறந்த நம் சர் சி. வி. இராமன் அவரைப் பெங்களூருக்கு அழைத்தார். நிரந்தர வேலை கொடுக்க முயன்றபோது, கூட்டத்தில் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் அவரை முகத்துக்கு நேரே இழிவாகப் பேசிவிட்டார். போர்ன் வீடு திரும்பி மனைவி ஹெடியிடம் அழுதாராம். ஐம்பத்து மூன்று வயது, உலகமறிந்த மேதை! 1936இல்தான் எடின்பரோவில் நிலையான வேலை கிடைத்தது.

போரின்போது மாணவர் ஓப்பன்ஹைமர் அணுகுண்டு செய்யும் வேலைக்குத் தலைமை தாங்கினார். ஆசிரியர் போர்ன் அந்த வேலையில் சேரவில்லை.

1925இல் ஹைசன்பர்க், ஜோர்டான் ஆகியோருடன் அவர் உருவாக்கிய புதிய இயக்கவியலுக்கான நோபல் பரிசு ஹைசன்பர்க் ஒருவருக்கே போயிற்று. எலக்ட்ரான் அலைக்கு நிகழ்தகவு என்று 1926இல் பொருள் சொன்னதற்காகப் போர்னுக்குப் பரிசு வந்தபோது அவருக்கு வயது எழுபத்தொன்று. அதே 1954இல் குன் ஹுவாங் என்ற சீன அறிஞருடன் வெளியிட்ட நூலில், தாமே 1927இல் ஒதுக்கிவைத்த பகுதிகளையும் கணக்கில் சேர்க்கும் வழியைக் காட்டினார்.

1970 ஜனவரி 5இல் கோட்டிங்கனில் காலமானார். அங்கே அவர் கல்லறையில் ஒரு சிறு சமன்பாடு பொறித்திருக்கிறார்கள். ஹைசன்பர்க் தனியே பரிசு வாங்கினாரே, அந்த இயக்கவியலின் அடிப்படைச் சமன்பாடு அது. அதைக் கண்டு எழுதியவர் போர்ன்.