ராண்ட்ஜென் தொடங்கி வைத்த கணக்கு

1895 டிசம்பர் 22 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில், பெர்த்தா என்ற பெண்மணி தன் கணவரின் ஆய்வுக்கூடத்தில் ஓர் ஒளிப்படத் தகட்டின் மீது கையை வைத்து ஏறத்தாழ 15 நிமிடம் அசையாமல் இருந்தார். அந்தத் தகட்டில் விரல் எலும்புகளும் அவர் அணிந்திருந்த மோதிரமும் பதிந்தன. கணவரின் பெயர் வில்ஹெல்ம் கான்ராட் ராண்ட்ஜென். துடிக்கும் இதயத்தின் ரத்தக் குழாய்களையே இன்றைய சி.டி. ஸ்கேன் கருவி நொடியின் ஒரு சிறு பகுதியில் படம் பிடித்துவிடுகிறது. ஆனால், அன்று எழுந்த கேள்வி அப்படியே இருக்கிறது: படம் தெளிவாக இருக்க, எவ்வளவு கதிரை உடலுக்குள் செலுத்தலாம்?

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒன்றைப் பெற மற்றொன்றில் எவ்வளவு இழக்கலாம் என்று கணக்கிடுவதுதான் என் துறை. என் வயதொத்தவர்களில் பலர் அடுத்தடுத்து இதய சி.டி. பரிசோதனைக்குச் செல்லும் காலம் இது. ராண்ட்ஜெனின் வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கு இந்த இரண்டும் காரணம்.

அவர் 1845 மார்ச் 27 அன்று லென்னெப் என்ற சிற்றூரில் துணி வணிகரின் மகனாகப் பிறந்தார். அவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் தாய்வழி உறவினர் வாழ்ந்த நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. உட்ரெக்ட் நகரில் படித்தபோது, ஆசிரியர் ஒருவரைக் கேலிச்சித்திரமாக வரைந்த மாணவர் யார் என்று விசாரணை நடந்தது. வரைந்தவர் ராண்ட்ஜென் அல்லர். ஆனால், வரைந்தவரைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். இதனால், பல்கலைக்கழகத்தில் சேர்வதற்குரிய பள்ளியிறுதிச் சான்றிதழ் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

சூரிச் தொழில்நுட்பக் கல்லூரி மட்டும் நுழைவுத் தேர்வின் அடிப்படையில் 1865-இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே இயந்திரப் பொறியியல் பயின்ற அவர் 1869-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தன் ஆசிரியர் குண்ட்டைப் பின்தொடர்ந்து வூர்ஸ்பர்க் சென்றபோது, அந்தப் பழைய சான்றிதழ் இல்லாததைக் காட்டி அவருக்கு விரிவுரையாளர் தகுதி மறுக்கப்பட்டது. பின்னர் ஸ்ட்ராஸ்பர்க், ஹோஹென்ஹைம், கீஸன் என்று பணியாற்றிவிட்டு, 1888-இல் அதே வூர்ஸ்பர்க்குக்கு இயற்பியல் பேராசிரியராகத் திரும்பினார். 1894-இல் அப்பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் ஆனார். பணி நியமனக் குழுக்களில் அமர்ந்து சான்றிதழ்களைப் புரட்டியவன் என்ற முறையில், இந்தப் பகுதியை என்னால் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

1895 நவம்பர் 8 மாலை, கறுப்புத் தாளால் மூடிய வெற்றிடக் குழாயில் மின்சாரத்தைச் செலுத்தியபோது, சற்றுத் தொலைவில் வேதிப்பூச்சுள்ள அட்டை ஒளிர்வதைக் கண்டார். அப்போது அவருக்கு வயது 50. ஏழு வாரங்கள் தனியாக ஆராய்ந்து, டிசம்பர் 28 அன்று கட்டுரையை அளித்தார். இன்னதென்று விளங்காத அக்கதிர்களுக்கு எக்ஸ் என்று பெயரிட்டார். 1896 ஜனவரி 23 அன்று, உள்ளூர் அறிவியல் கழகக் கூட்டத்தில் முதிய உடற்கூறியலாளர் கோலிக்கரின் கையைப் படமெடுத்தார். பெர்த்தாவின் கைப் படத்தோடு ஒப்பிட்டால், ஒரே மாதத்தில் படம் எவ்வளவு தெளிவடைந்துவிட்டது என்பது வியப்பூட்டும்.

ஆய்வுக்காக அவர் ஓர் ஆள் உள்ளே நிற்கக்கூடிய துத்தநாகப் பெட்டியைச் செய்திருந்தார். குழாய் வெளியே இருக்கும். அவர் உள்ளே இருப்பார். குழாய்ப் பக்கத்தில் ஈயத் தகடும் பொருத்தியிருந்தார். இருளில் துல்லியமாகக் காண்பதற்கும், தேவையற்ற கதிர் தகடுகளைக் கெடுக்காமல் இருப்பதற்கும் செய்த ஏற்பாடு அது. கதிரின் தீங்கு பற்றி அப்போது எவரும் அறிந்திருக்கவில்லை. நல்ல படம் வேண்டிச் செய்த தடுப்பு அவர் உடலையும் காத்தது.

கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. அது உலகுக்கு உரியது என்பது அவருடைய நிலைப்பாடு. காப்புரிமைத் தொகை எவருக்கும் செலுத்த வேண்டாத ஒரு நுட்பம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் வகுப்பறையில் சொன்னதில்லை. ஓராண்டுக்குள் பல நாட்டு மருத்துவர்களின் கையில் இக்கருவி இருந்தது. ஆனால், அளவீடு எதுவும் கூடவே பரவவில்லை. 1896-இல் பயன்படுத்திய கருவி ஒன்றை நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர ஆய்வாளர்கள் மீண்டும் இயக்கிப் பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். கையைப் படமெடுக்க அது தோலுக்குச் செலுத்திய கதிர், இன்று தேவைப்படுவதைப் போல் சுமார் 1,500 மடங்கு. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கதிர்ப்புண்ணால் இரு கைகளையும் இழந்து 1904-இல் இறந்தார். ஹாம்பர்க் நகர மருத்துவமனை ஒன்றின் வளாகத்தில் 1936-இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூணில், இக்கதிர்களுக்குப் பலியான மருத்துவர்கள், இயற்பியலாளர்கள், செவிலியர்கள் உள்ளிட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டன.

1900-இல் மியூனிக் பல்கலைக்கழகத்துக்கு மாறினார் ராண்ட்ஜென். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுக்குரிய உரையை அவர் நிகழ்த்தவே இல்லை. கூட்டத்தில் பேசுவது அவருக்கு உகந்ததாக இல்லை. பெயருக்கு முன்னால் பிரபுப் பட்டம் சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பையும் ஏற்கவில்லை.

அதே மியூனிக் நகர இதய மருத்துவர்கள்தாம் நூறாண்டுக்குப் பின் அந்தப் பழைய கணக்கைப் புதிதாக எடுத்தார்கள். 1971-இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியால் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்டது. மூளை அசையாது, இதயம் அசையும். அதனால் இதயத்தைச் சி.டி. மூலம் தெளிவாகக் காண இந்த நூற்றாண்டின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெளிவு கிடைத்தபோது விலையும் கூடியிருந்தது. மியூனிக் குழு 2007-இல் 50 மருத்துவமனைகளில் கணக்கெடுத்தது. ஒரு பரிசோதனையின் இடைநிலை அளவு 12 மில்லிசீவர்ட் என்று தெரியவந்தது. இயற்கையிலிருந்து ஒருவர் ஓராண்டில் பெறும் கதிர்வீச்சின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் மட்டுமே.

கதிரைக் குறைத்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். இங்கேதான் குறைந்துசெல் பயன் விதி குறுக்கிடுகிறது. கதிர் குறைந்தால் படத்தில் மணல் தூவியது போன்ற இரைச்சல் கூடும். அந்த இரைச்சலைப் பாதியாக்க, கதிரை இரு மடங்கு ஆக்கினால் போதாது. நான்கு மடங்கு ஆக்க வேண்டும். மிகத் தெளிவான படம் என்ற ஆசைக்கு முடிவில்லை. அதன் விலையோ வேகமாக ஏறும். எதிர்ப்பக்கமும் உண்டு. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில் அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத படம் எவருக்கும் பயனில்லை. அந்த நோயாளியை மறுபடி படமெடுக்க வேண்டும். அல்லது குழாய் செலுத்தும் ஆஞ்சியோகிராமுக்கு அனுப்ப வேண்டும். இரண்டிலும் கதிர் உண்டு. முதலில் மிச்சப்படுத்தியது அப்போது மிச்சமாக இராது.

இந்த இழுபறியிலிருந்து விடுபடும் வழி, கதிரை வெறுமனே கூட்டுவதிலோ குறைப்பதிலோ இல்லை. வீணாவதைத் தடுப்பதில் இருக்கிறது. முன்பு இதயத் துடிப்பின் முழுச் சுற்றிலும் கதிரைச் செலுத்திவிட்டு, அசைவு குறைந்த கணத்தின் படங்களைப் பின்னர் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது இ.சி.ஜி.யைப் பார்த்து அந்தக் கணத்தில் மட்டும் கதிரைச் செலுத்த முடிகிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60-ஐ ஒட்டிச் சீராக இருந்தால் இது நன்கு நடக்கும். பரிசோதனைக்கு முன் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கச் சொல்வது அதற்காகத்தான். அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பை அலைக்கழிப்பாக எண்ணிச் சலித்துக்கொள்பவர்களை நான் கண்டிருக்கிறேன். குழாயின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டிலிருந்து 100 ஆக்கினால் கதிர் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். ரத்தத்தில் கலந்த அயோடின் மருந்து அப்போது இன்னும் பிரகாசமாகத் தெரிவதால், கூடும் இரைச்சல் பொருட்டாகாது. உடல் பருத்தவர்களுக்கு மட்டும் இது எப்போதும் ஒத்துவராது.

2017-இல் 32 நாடுகளின் 61 மருத்துவமனைகளில் மீண்டும் கணக்கெடுத்தபோது, 2007-ஐ விட அளவு 78 விழுக்காடு குறைந்திருந்தது. பயனற்ற படங்களின் எண்ணிக்கையும் கூடவில்லை. மகிழ வேண்டிய செய்தி. ஆனால், பொருளாதாரம் படித்தவனின் கண் சராசரியில் நிற்பதில்லை, பரவலைத் தேடுகிறது. மிகக் குறைந்த அளவில் படமெடுத்த மருத்துவமனைக்கும் மிக அதிக அளவில் எடுத்த மருத்துவமனைக்கும் இடையே 37 மடங்கு வேறுபாடு இருந்தது. நுட்பம் எங்கும் கிடைக்கிறது. பயன்படுத்தும் பழக்கம்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது. முதியவருக்கு இதனால் கூடும் ஆபத்து சிறிது. கதிர் மார்பகத்தினூடே செல்வதால் இளம்பெண்ணுக்கு அவ்வளவு சிறிதன்று. ஸ்கேன் அறிக்கையில் இந்த அளவைக் குறிப்பிடுமாறு கேட்க நோயாளிக்கு எந்தத் தயக்கமும் தேவையில்லை.

ராண்ட்ஜெனின் இறுதிக் காலம் துயரமானது. 1914-இல் போரை ஆதரித்து ஜெர்மன் அறிஞர்கள் 93 பேர் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். அவர் வாழ்வில் நான் ஏற்க முடியாத பக்கம் அது. 1919-இல் பெர்த்தா மறைந்தார். நோபல் பரிசுப் பணத்தை அவர் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வுகளுக்கென அளித்திருந்தார். போருக்குப் பிந்தைய பணவீக்கம் அதை விழுங்கியது. 1914-இல் ஒரு டாலருக்கு 4.2 மார்க். 1923 நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். அந்த உச்சத்தைக் காண அவர் இருக்கவில்லை. அவருடைய சேமிப்பும் கரைந்துவிட்ட நிலையில், 1923 பிப்ரவரி 10 அன்று மியூனிக்கில் குடல் புற்றுநோயால் இறந்தார். அந்த நோய்க்கும் அவருடைய கதிர்களுக்கும் தொடர்பில்லை என்பதே பொதுவான கருத்து. அவருடைய விருப்பப்படி ஆய்வுக் குறிப்புகளும் கடிதங்களும் எரிக்கப்பட்டன. கீஸன் நகரின் பழைய கல்லறைத் தோட்டத்தில், பெற்றோருக்கும் பெர்த்தாவுக்கும் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.