பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஜாப்-70’: அதைக் கண்ணில் காட்டிய ஆல்பர்ட் கூன்ஸ் யார்?

சிலவகை ரத்தப் புற்றுநோய்களில், பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘ஜாப்-70 பாசிட்டிவ்’ என்று ஒரு வரி இருக்கும். ஜாப்-70 என்பது நம் டி-செல்களுக்குள் இருக்கும் ஒரு புரதம். எதிரி வந்த தகவலை செல்லுக்குள் கடத்துவதுதான் அதன் வேலை. இவ்வளவு சின்னப் புரதம் எந்த செல்லில் இருக்கிறது என்று எப்படித் தெரிகிறது? பதில், 1939-ல் ஓர் இளம் டாக்டருக்கு வந்த யோசனையில் இருக்கிறது.

பெர்லினில் வந்த யோசனை

ஆல்பர்ட் கூன்ஸ் 1912-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். 1937-ல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1939 கோடையில், போர் வெடிப்பதற்குச் சற்று முன், பெர்லினில் தங்கியிருந்தார். அவரைக் குடைந்துகொண்டிருந்தது ருமாட்டிக் காய்ச்சல். கிருமி தொற்றுவது தொண்டையில், கெடுவது இதயம். ஆனா, இதயத் திசுவில் கிருமியைக் காணோம். அதன் துணுக்குகளாவது அங்கே இருக்குமா?

ஆன்டிபாடி, தனக்கான பொருளைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து அனுப்பினால், ஒட்டிய இடம் தெரிந்துவிடும் இல்லையா? இதுதான் கூன்ஸின் யோசனை.

நீலம் போய் பச்சை

சாயம் ஏற்றியதும் ஆன்டிபாடி ஒட்டும் திறனை இழந்துவிட்டால் எல்லாம் வீண். ஹார்வர்டின் வேதியியலாளர்களோடு சேர்ந்து அதைச் சமாளித்தார். அடுத்த தலைவலி: முதலில் போட்ட சாயம் நீலமாக ஒளிர்ந்தது, திசுவும் இயல்பாகவே நீலமாக மின்னியது. எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. பச்சையாக ஒளிரும் ஃப்ளோரசீனுக்கு மாறினார்கள். 1942-ல், திசுவுக்குள் நிமோகாக்கஸ் கிருமியின் பொருளைக் காட்டிவிட்டார்கள்.

பிறகு ராணுவ சேவை. போர் முடிந்து திரும்பியவர், 1950-ல் மெல்வின் கப்லானுடன் இந்த முறையை மேம்படுத்தினார். 1959-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. 1978-ல் காலமானார்.

இன்று என்ன பயன்?

1960-களில் ஒளிரும் சாயத்துக்குப் பதிலாக நொதியைச் சேர்க்கும் முறையும் வந்தது. புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியும். சாதாரண மைக்ரோஸ்கோப்பே போதும்.

இப்போது ஜாப்-70-க்கு வருவோம். சி.எல்.எல். எனும் ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் பி-செல்களில் வருவது. அந்தப் புற்று செல்களில் ஜாப்-70 இருந்தால், நோய் வேகமாக முன்னேறும் வாய்ப்பு அதிகம். ஆனா, அதே திசுவில் நல்ல டி-செல்களும் கலந்திருக்கும். அவற்றில் இந்தப் புரதம் எப்போதும் உண்டு. திசுவை அரைத்துச் சோதித்தால், புரதம் யாருடையது என்றே தெரியாது. நிறமேற்றிப் பார்த்தால் தெரியும். டி-செல்களே நிறமேறவில்லை என்றால், டெஸ்ட்டே சரியில்லை என்று அர்த்தம்.

இந்த ஒரு வரியை வைத்து மட்டும் டாக்டர்கள் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. மற்ற சோதனைகளையும் சேர்த்தே பார்ப்பார்கள். ஆனால், ‘இருக்கிறதா’ என்பதோடு நிற்காமல் ‘எங்கே இருக்கிறது’ என்றும் கேட்க வழிகாட்டியவர் கூன்ஸ்.