பனியில் வழி திறந்த மெக்கானிக்

நம் குடியிருப்பிலிருந்து காஷ்மீர் சுற்றுலா போகிறவர்கள், குல்மார்க்கில் பனி ஸ்கூட்டரில் உட்கார்ந்த படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாமல் இருப்பதில்லை. இன்று உல்லாச சவாரியாகிவிட்ட அந்த வண்டியின் பின்னால் ஒரு தகப்பனின் துயரம் இருக்கிறது, தெரியுமா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கூர் என்ற சிற்றூரில் 1907-ல் பிறந்தவர் ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியர். 15 வயதில், அப்பா கொடுத்த பழைய ஃபோர்டு இன்ஜினைச் சறுக்குப் பலகைகள் மேல் வைத்து, பின்னால் ஒரு பெரிய விசிறியை மாட்டி ஊருக்குள் ஓட்டிக் காட்டினார். சுற்றும் விசிறியைப் பார்த்துப் பயந்துபோன அப்பா, உடனே பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். (எந்த அப்பாதான் சொல்லமாட்டார்?) 19 வயதில் சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்தார். கோடையில் ஊராரின் கார்களைப் பழுது பார்ப்பார். குளிர்காலத்தில் பனி வண்டிச் சோதனை.

1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவானுக்குக் குடல்வால் அழற்சி வந்தது. ஆஸ்பத்திரி இருந்த ஷெர்புரூக் நகரம் சுமார் 50 கி.மீ. தூரம். சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. ஷெட்டில் இருந்த சோதனை வண்டியோ ஓடும் நிலையில் இல்லை. குழந்தை இறந்துவிட்டது. தெருவில் இடுப்பளவு வெள்ளம் நிற்கும்போது ஆம்புலன்ஸ் வருமா என்று பால்கனியில் நின்று தவித்திருந்தால், அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குப் புரியும்.

பல்சக்கரத்தோடு சுற்றும் ரப்பர் பட்டையை அவர் வடிவமைத்தார். 1937-ல் காப்புரிமை கிடைத்தது. ஏழு பேர், பிறகு பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டிகள் வந்தன. அவை ஆம்புலன்ஸாக, பள்ளி வேனாக, தபால் வண்டியாக ஓடின. 1948-ல் அரசே சாலைப் பனியை அள்ளத் தொடங்கியதும் விற்பனை படுத்தது. அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1959-ல் ஒருவர் இருவர் ஏறும் சிறிய 'ஸ்கி-டூ' வந்தது. பாதிரியார்களுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் என்று நினைத்துச் செய்த வண்டியை விளையாட்டுப் பிரியர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த வண்டிக்குப் பனிதான் குளிர்ச்சியும் மசகும். வெறும் தரையில் ஓட்டினால் பட்டைக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் சூடேறி உருகிவிடும். பட்டையின் இழுவிசையையும் அடிக்கடி பார்க்க வேண்டும், நம் பைக் செயின் மாதிரிதான். அங்கே சவாரிப் பாதைகள் பல இடங்களில் விவசாயிகளின் சொந்த நிலத்தில், அவர்கள் அனுமதியோடு போகின்றன. அதனால் பாதையை விட்டு விலகக்கூடாது, வீடுகள் பக்கம் வேகத்தைக் குறைக்க வேண்டும். எதிரே வருபவருக்கு, தன் பின்னால் இன்னும் எத்தனை வண்டி வருகிறது என்று விரல் காட்டுவார்கள். கடைசி ஆள் முஷ்டியை மடக்கிக் காட்டுவார். இரவு பதினோரு மணிக்கு நம் பேஸ்மென்ட்டில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும் தம்பிகள் இதை ஒருமுறை படிக்கலாம்.

1964 பிப்ரவரியில், 56 வயதில், புற்றுநோயால் பம்பார்டியர் காலமானார். அவர் பெயர் தாங்கிய நிறுவனம் பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவுக்குப் பெட்டிகள் செய்து கொடுத்தது. ஸ்கி-டூ இன்றும் வால்கூரில்தான் தயாராகிறது. அவருடைய பழைய ஷெட்டை அங்கே அருங்காட்சியகத்தில் அப்படியே வைத்திருக்கிறார்கள்.