82 வயதில் மீண்டும் மேடை

1977-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கோல்ட்வாட்டர் நினைவு மருத்துவமனையிலிருந்து செவிலியர் ஒருவர் ஓய்வு பெற்றார். மருத்துவமனைப் பதிவேட்டின்படி அவருக்கு வயது 70, உண்மையில் 82. சுமார் இருபது ஆண்டுகள் நோயாளிகளைப் பேணிய அந்தப் பெண்மணி, ஒரு காலத்தில் சிகாகோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் பெயர் பெற்றிருந்த பாடகி. ப்ளூஸும் ஜாஸும் இசைத்தட்டுகளில் ஒலிக்கத் தொடங்கிய நாள்களிலேயே பாடிய முன்னோடிகளுள் ஒருவர். அவர் பெயர் ஆல்பர்ட்டா ஹண்டர்.

நான் இசை அறிஞன் அல்லன்; கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். உழைப்பு, ஊதியம், உரிமை, ஓய்வு ஆகியவற்றைப் பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் பேசுகின்றன. அவை நான்கும் பின்னிக் கிடக்கும் ஒரு வாழ்க்கையைக் காட்டச் சொன்னால், நான் ஹண்டரின் வாழ்க்கையைத்தான் காட்டுவேன்.

அவர் 1895 ஏப்ரல் 1 அன்று அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், மெம்பிஸ் நகரில் பிறந்தார். ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் பணியாளராக இருந்த தந்தை, குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். தாய் லாரா, பாலியல் தொழில் நடந்த ஒரு விடுதியில் பணிப்பெண்ணாக உழைத்து மகள்களை வளர்த்தார். சிகாகோவில் பாடகிகளுக்கு வாரம் 10 டாலர் கிடைக்கிறது என்று கேள்விப்பட்ட ஆல்பர்ட்டா, இளம் வயதிலேயே வீட்டைவிட்டுப் புறப்பட்டு அந்நகரை அடைந்தார். கிடைத்ததோ தங்கும் விடுதி ஒன்றில் எடுபிடி வேலை. உணவும் இடமும் போக வாரம் 6 டாலர். கையில் கிடைக்கும் ஊதியத்தைவிட எதிர்பார்க்கும் ஊதியமே மனிதர்களை நகரங்களுக்கு இழுக்கிறது என்று ஹாரிஸ், டொடாரோ என்னும் பொருளாதார அறிஞர்கள் 1970-இல் ஒரு கோட்பாட்டை வகுத்தனர். மெம்பிஸ் சிறுமி அதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து காட்டியிருந்தார். விரைவிலேயே தாயையும் சிகாகோவுக்கு வரவழைத்துக்கொண்டார்.

அவரது பாட்டுப் பயணம் மதிப்புக்குரிய அரங்குகளில் தொடங்கவில்லை. கீழ்நிலை மதுக்கூடங்களில் பாடிப் பாடியே படிப்படியாக உயர்ந்தார். பின்னர், கருப்பின மக்களின் புகழ்பெற்ற அரங்கான ட்ரீம்லாண்டில், கிங் ஆலிவரின் இசைக்குழுவுடன் பாடினார்.

1920-இல் மேமி ஸ்மித்தின் இசைத்தட்டு பெருவெற்றி பெற்றதும், கருப்பினப் பாடகிகளுக்கு ஒரு சந்தை இருப்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. 1921-இல் ஹண்டரின் குரலும் இசைத்தட்டில் பதிவானது. பியானோ கலைஞர் லவ்வி ஆஸ்டினுடன் இணைந்து அவர் ஆக்கிய ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ என்ற பாடலை 1922-இல் அவரே பாடிப் பதிவு செய்தார். மறு ஆண்டு அதே பாடலைப் பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடினார். அந்த இசைத்தட்டு பல லட்சம் பிரதிகள் விற்றது. பெஸ்ஸி ஸ்மித் புகழின் உச்சிக்குச் சென்றார். பாடலை ஆக்கியவருக்கோ ராயல்டியாகக் கிடைத்தது மிகச் சொற்பம். இடையில் இருந்தவர்களே பெரும்பங்கை எடுத்துக்கொண்டனர். படைப்பைவிட ஒப்பந்தத்துக்கே சந்தையில் மதிப்பு அதிகம் என்ற பாடத்தை அவர் இவ்வாறு கற்றார்.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்தபோதே வேறு பெயரில் வேறு நிறுவனத்துக்குப் பாடினார். 1924-இல் லூயி ஆம்ஸ்ட்ராங், சிட்னி பெஷே ஆகிய மேதைகளுடன் அவர் பதிவு செய்த பாடல்கள் ‘ஜோசபின் பீட்டி’ என்ற பெயரிலேயே வெளிவந்தன.

1927-இல் கடல் கடந்து ஐரோப்பா சென்றார். நிறவெறி அமெரிக்காவில் அடைத்துவைத்த கதவுகள் சில அங்கே திறந்திருந்தன. 1928-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் மேடையேறிய ‘ஷோ போட்’ இசை நாடகத்தில், பால் ராப்சனுக்கு இணையாகக் குவீனி என்ற பாத்திரத்தில் நடித்தார். முப்பதுகளில் பாரிஸின் இரவு விடுதிகளிலும் லண்டனின் டார்செஸ்டர் ஓட்டலிலும் பாடினார். போர் மேகம் சூழ்ந்தபோது தாயகம் திரும்பினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினரை மகிழ்விக்கும் கலைக்குழு ஒன்றுடன் சீனா, பர்மா, இந்தியா போர்முனைக்கும் வந்தார். பின்னர் கொரியப் போரிலும் அப்பணியைத் தொடர்ந்தார்.

ஐம்பதுகளில் மேடை வாய்ப்புகள் குறைந்தன. வாழ்நாள் துணையாக இருந்த தாயும் மறைந்தார். பாடும் விருப்பமே அவரிடமிருந்து விடைபெற்றது. பிறருக்குப் பயன்படும் பணி ஒன்றை நாடிய அவர், செவிலியர் பயிற்சியில் சேர்ந்தார். அப்போது அறுபதைக் கடந்திருந்தார். உண்மை வயதைச் சொன்னால் எந்தப் பயிற்சிப் பள்ளியும் ஏற்காது. எனவே ஏட்டில் அவர் வயது 12 ஆண்டுகள் குறைந்தது. 1961-இல் ஆர்வலர்களின் வேண்டுகோளுக்கிணங்கிச் சில பாடல்களைப் பதிவு செய்ததைத் தவிர, இசையுலகை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பொய்யை என்னால் எளிதாகப் பழிக்க முடியவில்லை. அதனால் எந்த நோயாளிக்கும் ஒரு குறையும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. மாறாக, ஒரு மருத்துவமனைக்கு இருபது ஆண்டு உழைப்பு கிடைத்தது. விதி கேட்டது பிறந்த ஆண்டை; பணி கேட்டதோ பரிவையும் உடல் வலிமையையும். பின்னவை இரண்டும் அவரிடம் இருந்தன.

ஏட்டு வயது 70 ஆனதும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு, க்ரீனிச் வில்லேஜ் பகுதியில் ‘குக்கரி’ என்ற உணவகத்தை நடத்திவந்த பார்னி ஜோசப்சன் அவரைப் பாட அழைத்தார். முப்பதுகளின் இறுதியிலேயே வெள்ளையரும் கருப்பினத்தவரும் சமமாக அமர்ந்து இசை கேட்ட ‘கஃபே சொசைட்டி’யைத் தொடங்கியவர் இவர். சில வாரங்களுக்கு என்று தொடங்கிய நிகழ்ச்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 1978-இல் ‘ரிமெம்பர் மை நேம்’ திரைப்படத்துக்குப் பாடல் ஆக்கிப் பாடினார். புதிய இசைத்தட்டுகள் வந்தன. அதிபர் கார்ட்டர் காலத்தில் வெள்ளை மாளிகையிலும் பாடினார். 1984 அக்டோபர் 17 அன்று, 89 வயதில் மறைந்தார்.

வயதின் பெயரால் ஒருவரை வேலையிலிருந்து விலக்குவதைத் தடுக்க 1967-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், 40 முதல் 65 வயது வரையானவர்களையே காத்தது. 1978-இல் மேல்வரம்பு 70 ஆனது. 1986-இல் பெரும்பாலான பணிகளுக்கு வரம்பே நீக்கப்பட்டது. அப்போது ஹண்டர் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

மூத்தோர் விலகினால்தான் இளையோருக்கு வேலை கிடைக்கும் என்ற வாதத்தை வகுப்பறையில் பலமுறை கேட்டிருக்கிறேன். நாட்டில் உள்ள வேலைகளின் எண்ணிக்கை என்றும் மாறாதது என்ற பிழையான அனுமானத்தின் மீது நிற்கும் வாதம் அது. குக்கரியில் 82 வயதுப் பாடகி ஒருவர் மேடையேறியதும், அவருக்கு வாசிக்கவும் பதிவு செய்யவும் பிறருக்கு வேலை பிறந்தது.

அதற்காக முதியவர் அனைவரும் உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓய்வூதியமின்றி, பசிக்காக எழுபதிலும் மூட்டை சுமப்பவரின் நிலை வேறு. விரும்பி மேடையேறிய ஹண்டரின் நிலை வேறு. முதலாமவருக்கு ஓய்வெடுக்கும் உரிமை வேண்டும். இரண்டாமவருக்கு உழைக்கும் உரிமை வேண்டும். பிறந்த தேதியை மட்டும் பார்க்கும் விதி இந்த இருவருக்குமே நீதி செய்வதில்லை.